சிப்பிக் கூரையும் தீவு மக்களும்

தோழர்களே! போர்ட் பிளேர் என்று அன்று வழங்கிய அந்தமான் தலைநகரிலே, 2023 ஜூலைத் திங்கள் 18-ஆம் நாள், புதிய விமான நிலையக் கட்டடம் திறக்கப்பட்டது. சிப்பி வடிவக் கூரை! ஏறத்தாழ 710 கோடி ரூபாய்ச் செலவு! ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளுக்கு இடம்! அழகுதான், மறுப்பாரில்லை. கூரைவழியே பகல் வெளிச்சம், வெப்பந் தடுக்கும் மேற்கூரை, மழைநீர்ச் சேமிப்பு, கதிரொளி மின்சாரம் ஆகிய அனைத்தும் வெப்பத் தீவுக்கு ஏற்றவையே. மழை கொட்டியும் கோடையிலே குடிநீருக்கு ஏங்கும் ஊரன்றோ அது!

ஆனால், திறந்து ஒரு வாரம் ஆகுமுன்னே, வெளிப்புற உட்கூரைத் தகடுகள் காற்றிலே பெயர்ந்தன. காமிரா வேலைக்காகத் தளர்த்தி வைத்திருந்ததே காரணம் என்றனர் ஆட்சியாளர். இருக்கட்டும். பருவக்காற்று, வேலை முடியும்வரை காத்திருக்குமோ?

உல்லாசப் பயணிக்கு விமான நிலையம் ஒரு வாயில். தீவிலே வாழ்வோனுக்கோ அதுவே நெடுஞ்சாலை. சென்னைக்குக் கப்பலேறினால் ஏறத்தாழ மூன்று நாள். விமானமேறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நோயுற்ற தாயை அழைத்துக்கொண்டு, கைச்செலவைக் கணக்கிட்டுக்கொண்டு வருகிறவன், மழைமேகம் விமானத்தைத் தடுத்துவிட்டால் என்ன செய்வான்? தாய் சாய்ந்துகொள்ள ஒரு பலகை, காசில்லாமல் குடிநீர், கட்டுப்படியாகும் விலையிலே சோறு, வங்கமும் தமிழும் பேசுவோர் நிறைந்த அத்தீவிலே அவரவர் மொழியில் அறிவிப்பு! இவையன்றோ அவன் கேட்பது? எந்தத் தீவிலேனும் அடுத்த வரைபடத்தை விரிப்பார்களானால், தோழர்களே, கூரையின் வடிவத்தைப் பிறகு பாருங்கள். விமானம் வராத நாளிலே இந்தக் கட்டடம் மக்களுக்கு என்ன தரும் என்று முதலிலே கேளுங்கள்.