ஒன்பதால் வகுபடுகிறதா?

(நமது மூத்தோர் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"தினமும் உற்சாகமாக இருப்பது எப்படி?" என்று பேசச் சொன்னார்கள். நான் பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பற்றும் வரவும்தான். அதிலிருந்தே ஒன்று சொல்கிறேன்.

எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வராத காலம். கேஷ் கவுன்டரில் இருப்பவர், மாலையில் கையிருப்பும் புத்தகமும் ஒத்துப்போனால்தான் வீட்டுக்குக் கிளம்பலாம். குறைந்தால் கைக்காசைப் போட வேண்டும். ஒரு நாள் எனக்கு 900 ரூபாய் குறைந்தது. அன்றைய என் சம்பளத்தில் அது பெரிய பங்கு. மூன்று முறை எண்ணியும் அதே குறைவு. பதற்றத்தில், மதியம் டீ கொண்டுவந்த அட்டெண்டரைப் பார்த்து, "நீ மட்டும்தானேப்பா உள்ளே வந்தே?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையையும் பேன்ட் பையையும் வெளியே இழுத்துக் காட்டினார்.

அக்கவுன்டன்ட் சார் அனுபவசாலி. "வித்தியாசம் ஒன்பதால் வகுபடுதா பாருங்க" என்றார். கணக்கு எழுதிய எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். ஒரு தொகையில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டால், வரும் வித்தியாசம் மீதியில்லாமல் ஒன்பதால் வகுபடும். 72-ஐ 27 என்று எழுதினால் வித்தியாசம் 45. என்னுடைய 900-மும் வகுபட்டது. வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். 5,400 ரூபாய் கொடுத்துவிட்டு 4,500 என்று பதிந்திருந்தேன். என் கையெழுத்து, என் தவறு.

வங்கிக் கணக்கு அன்றே நேராகிவிட்டது. அட்டெண்டரிடம் மட்டும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். மறுநாளும் அவர் வழக்கம்போல் டீ வைத்துவிட்டுப் போனார். சில மாதங்களில் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. போக இடமில்லை, முடிக்கக் கணக்கில்லை. ஒரு நாள் இரவு பழைய பழக்கத்தில் டைரியை எடுத்து இரண்டு பத்தி போட்டேன். இன்று கற்றது என்ன? யாருக்கு என்ன பாக்கி? பாக்கிப் பத்தியில் முதலில் வந்தவர் அந்த அட்டெண்டர்தான்.

அடுத்த நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் போனபோது வரிசையில் எனக்கு முன்னால் அவரே நின்றார். கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் சார்" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "தொள்ளாயிரம்தானே சார்?" என்றார்.

மறந்துவிட்டேன் என்றவர் தொகையை மறக்கவில்லை, பாருங்கள்.

நம் வீடுகளில் ஒரு மோதிரம் காணோம் என்றால், வேலைக்கு வரும் அம்மா மேல்தான் முதல் சந்தேகம். பார்சல் வரவில்லை என்றால் வாட்ச்மேன் மேல். வாட்ஸ்அப் குழுவில் எழுதியும் விடுகிறோம். பொருள் பிறகு நம் அலமாரியிலேயே கிடைக்கும். எழுதியதை அழித்துவிடலாம்; படித்தவர் மனதில் இருப்பதை எப்படி அழிப்பது? ஆகவே, வித்தியாசம் வந்தால் முதலில் நம் பதிவைப் பார்ப்போம்.

உற்சாகத்துக்கு நான் கண்ட வழியும் இதுதான். இரவில் அந்த இரண்டு பத்திகள். ஒரு போன் பேச வேண்டும், ஒரு நன்றி சொல்ல வேண்டும், பேரனிடம் போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஏதாவது பாக்கி இருந்தால், மறுநாள் காலை எழுந்திருக்க ஒரு வேலை இருக்கிறது. என்னைப் போல இத்தனை வருடம் தள்ளிப்போடாதீர்கள். எல்லோருக்கும் வரிசையில் முன்னால் அந்த ஆள் நிற்பார் என்று சொல்ல முடியாது.