கேழ்வரகு முற்றும் காலம்



மைசூரு மாவட்டத்தின் எச்.டி. கோட்டை, உன்சூர் பக்கத்து ஊர்களில் கேழ்வரகு முற்றிவிட்டால் ஆண்கள் வீட்டில் படுப்பதில்லை. வயலோரப் பரண்தான் படுக்கை. கையில் டார்ச் லைட், பக்கத்தில் தட்டுவதற்குத் தகர டப்பா, கொஞ்சம் பட்டாசு. கூப்பிடு தூரத்தில் நாகரஹொளே, பந்திப்பூர் காடுகள். கண் அசந்த நேரத்தில் யானைகள் இறங்கிவிட்டால், தின்றது போக மிதிபட்டதே பாதி வயல் இருக்கும்.

2023 கணக்கெடுப்பில் கர்நாடகத்தின் யானைகள் 6,395. நாட்டிலேயே இங்குதான் அதிகம். அந்தப் பெருமைக்கு உறக்கத்தையும் விளைச்சலையும் கொடுப்பவர் காட்டோரத்து விவசாயி.

அகழி வெட்டினார்கள், கரையைச் சரித்து யானை இறங்கி ஏறியது. மின்வேலி போட்டார்கள், தந்தத்தில் மின்சாரம் ஏறாது என்று கண்டுகொண்டு, தந்தத்தாலேயே கம்பியை அறுத்தது. இப்போது பழைய ரயில் தண்டவாளங்களை நட்டு வேலி கட்டுகிறார்கள். இது உறுதியானது, ஆனால் செலவு மிக அதிகம்.

எந்த வேலியையும்விட முக்கியமானது மறுநாள் காலையில் நடப்பது. பயிர்ச் சேதத்துக்கு அரசு இழப்பீடு தருகிறது. ஆனால் மனு, நிலச் சான்று, புகைப்படம், வங்கிக் கணக்கு என்று கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டும். அலுத்துப்போய்க் கைவிட்டவரின் கோபம் யானைமீதுதான் திரும்பும்.

2015-இல் விஞ்ஞானி கிருத்தி காரந்தும் அவர் சார்ந்த வனவிலங்கு ஆய்வு மையமும் தொடங்கிய 'வைல்ட் சேவே' திட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. கட்டணமில்லா எண்ணுக்கு ஒரு போன் செய்தால், களப்பணியாளர் வயலுக்கே வருகிறார். சேதத்தை அளந்து, படம் எடுத்து, மனு எழுதி வனத்துறையிடம் சேர்க்கிறார். அதோடு விடாமல் பின்தொடர்கிறார். புலி அடித்த மாட்டுக்கும் இதே உதவி உண்டு. நாட்டின் ஒவ்வொரு காட்டோரத்துக்கும் இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும்.

காட்டு விலங்கு நகரத்துக்கும் வருவதுண்டு. 2024 டிசம்பர் 31 அன்று மைசூரு இன்ஃபோசிஸ் வளாகத்தில் சிறுத்தை தென்பட்டது. ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். சரியான முடிவு. ஆனால் கரும்புத் தோட்டத்தில் சிறுத்தை இருப்பது தெரிந்தும் விடிந்ததும் அரிவாளோடு அங்கேயே போயாக வேண்டியவருக்கு அந்த வழி இல்லை.

நகரத்தார் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துத் தடை. ஆம்புலன்சுக்கும் சில பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு. வண்டியில் அடிபட்டு மான்களும் பிற விலங்குகளும் செத்துக்கொண்டிருந்ததால் வந்த தடை இது. மைசூரிலிருந்து ஊட்டிக்குக் கிளம்புகிறவர்கள் மாலையிலேயே காட்டைக் கடந்துவிடலாம். நேரமாகிவிட்டால், குண்டலுப்பேட்டையில் தங்கிக் காலையில் புறப்படலாம்.