ஆசிரியருக்குச் சங்கமும் சபையும்

ஆசிரியப் பணியைப் புனிதமானதென்று போற்றுவதில் நம் சமூகம் ஒருநாளும் குறை வைத்ததில்லை. அந்தப் புகழ்ச்சியே ஓர் ஆசிரியையின் ஜீவனத்துக்கு எவ்வாறு பாதகமாய் முடிந்தது என்பதைச் சொல்லி இவ்வுரையைத் தொடங்குகிறேன்.

கோவாவில் ஒரு தனியார் பள்ளியின் நிர்வாகம் 1975-ஆம் ஆண்டில் அவரை வேலையினின்று நீக்கிவிடவே, அவர் தொழில் தகராறுகள் சட்டத்தின்கீழ் நியாயம் வேண்டி உச்ச நீதிமன்றம் வரையில் சென்றார். பள்ளிக்கூடமும் அச்சட்டத்தின் நோக்கில் ஒரு தொழில் ஸ்தாபனமே என்று ஒப்புக்கொண்ட நீதிபதிகள், அங்கே கற்பிக்கும் ஆசிரியரை மட்டும் தொழிலாளி என்று கொள்வதற்கில்லை என 1988-இல் தீர்ப்பளித்தார்கள். கற்பித்தல் உடலுழைப்பும் அன்று, எழுத்தர் வேலையும் அன்று, அவற்றினும் உயர்ந்ததொரு பணி என்பது அவர்கள் கூறிய காரணம். ஆக, அதே பள்ளியில் கணக்கெழுதும் குமாஸ்தாவுக்குத் திறக்கக்கூடிய தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவு, ஆசிரியைக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் 1973-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், கல்வி அதிகாரியின் முன் அனுமதியின்றி ஆசிரியரைப் பணிநீக்கம் செய்யலாகாது என்று நிர்வாகத்துக்குக் கடிவாளமிட்டிருந்தது. அத்தகைய காப்பு இல்லாத இடங்களில் ஆசிரியரின் கதி என்ன என்பதை எண்ணிப் பாருங்கள்.

தொழிலாளி அல்லர் என்றால், வழக்கறிஞரைப் போல் தம் துறையைத் தாமே ஆளும் உரிமையேனும் அவருக்கு உண்டா? 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்கறிஞர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த பார் கவுன்சில், அவர்களுடைய பதிவேட்டைப் பராமரிக்கிறது, தவறிழைத்தவரை விசாரிக்கிறது. ஆசிரியருக்கோ 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் என்ற ஸ்தாபனம் வாய்த்தது. அது பயிற்சிக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளிக்கிறது, குறைந்தபட்ச யோக்கியதையை வகுக்கிறது. எனினும் ஆசிரியர்கள் வாக்களித்து அமைத்த சபை அன்று அது. தகுதித் தேர்வு முதலியன மேலிருந்து இறங்குகின்றன. கீழிருந்து கேட்பதற்குச் சங்கம் ஒன்றே வழி.

அச்சங்கத்தின் கையும் கட்டுண்டதுதான். கூட்டமைத்துக்கொள்ளும் சுதந்திரத்தை அரசியல் சாசனம் வழங்குகிறது, வேலைநிறுத்தத்தை வழங்கவில்லை. 2003-ஆம் ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒருசேரப் பதவியிழந்ததும், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லையென்று உச்ச நீதிமன்றம் கூறியதும் பல குடும்பங்கள் இன்றும் மறவாத செய்திகள்.

இந்நிலையில் ஸ்காட்லாந்தின் சரித்திரம் நமக்கு மிகவும் பயன்படும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். 1847-இலேயே சங்கம் கண்ட அந்நாட்டு ஆசிரியர்கள், தகுதி பெறாதோரைக் கொண்டு வகுப்புகளை நிரப்பும் வழக்கத்தால் மனம் வெதும்பியிருந்தனர். 1961-இல் கிளாஸ்கோ நகரத்தில் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குச் சம்பளத்தோடு இந்தக் குறையும் காரணமாயிற்று. அதன்பின் அமைந்த விசாரணைக் குழுவின் யோசனைப்படி 1965-இல் சட்டம் பிறந்து, ஆசிரியரே பெரும்பான்மையாக அமர்ந்த பொது ஆசிரியர் சபை உருவாயிற்று. யார் வகுப்பறைக்குள் நுழையலாம், யார் பதிவேட்டினின்று நீங்கவேண்டும் என்பதை அச்சபை தீர்மானிக்கிறது. சம்பளத்துக்கும் வேலைச்சுமைக்கும் வாதாடுவது சங்கத்தின் கடமையாகவே நின்றது. குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியருக்குத் துணை நிற்கும் சங்கமும், குழந்தையின் நலனைக் கருதி அவரை விசாரிக்கும் சபையும் ஒன்றாயிருத்தல் கூடாது. இரண்டும் இல்லாதிருத்தலும் கூடாது.

நம் ஆசிரியர் சங்கங்கள் ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போராடும் அதே ஊக்கத்தோடு இத்தகைய சபையையும் கோரவேண்டும். அப்படிக் கோருங்கால் ஒன்றை மறவாதிருப்பார்களாக. 1986-இல் கலைக்கப்பட்ட தமிழ்நாட்டுச் சட்ட மேலவையில், பன்னிரண்டில் ஒரு பங்கு இடங்களுக்கு ஆசிரியரே வாக்காளர்கள். ஆயினும் உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத இடங்களில் கற்பிப்பவர்க்கே அவ்வாக்கு உண்டு என்று சாசனம் வரையறுத்திருந்தமையால், அரிச்சுவடி கற்பிக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர் அந்த வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நின்றார். புதிய சபையில் முதல் ஆசனங்கள் அவருக்கு உரியவை.