கேமராவுக்கு ஏற்ற தலை



இன்றைய தலைப்பு சின்னது. ட்ரைபாட் கால்களின் மேல் உட்கார்ந்திருக்கும் 'ஹெட்', அதாவது தலை. இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அரங்கேற்றம் நடக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஏழெட்டு ஆண்டுகள் ஆடிப் பழகிய பெண், இரண்டு மூன்று மணி நேரம் மேடையில் தனியாக நிற்கிறாள். அவளுக்கு அந்த மாலை ஒரு முறைதான். கடைசி வரிசையில் ஒளிப்பதிவாளர் நிற்கிறார். நல்ல கேமரா, நல்ல லென்ஸ். ஆனால் அந்தப் பெண் மேடையின் வலப்பக்கம் நகரும்போது படம் முதலில் நகர மறுக்கிறது, பிறகு துள்ளிக் குதிக்கிறது. வர்ணம் முழுவதும் இப்படியே போகிறது. வீட்டில் போட்டுப் பார்க்கும் பெற்றோர் கேமராவைத்தான் குறை சொல்வார்கள். குற்றம் செய்தது தலை.

காரணம் எளிமையானது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 200 மில்லிமீட்டர் லென்ஸ் பார்க்கும் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. கைப்பிடி ஒரே ஒரு டிகிரி துள்ளினாலும் படம் தன் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு தாவிவிடும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் அதே துள்ளல் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆகவே தூரத்தில் நின்று நெருக்கமாக எடுப்பவருக்குத்தான் தலை முக்கியம். திருமண மண்டபத்திலும் நம் வேலை பாதி அப்படித்தான். மணவறைக்குப் பக்கத்தில் போக உறவினர்கள் விட்டால்தானே!

புகைப்படம் மட்டும் எடுப்பவருக்குப் பந்துத் தலை, அதாவது 'பால் ஹெட்', வசதியானது. ஒரு திருகைத் தளர்த்தினால் கேமரா எல்லாப் பக்கமும் திரும்பும், இறுக்கினால் நிற்கும். அதை வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான். கனமான லென்ஸை மாட்டி, படத்தைச் சரி செய்து, திருகை இறுக்கிவிட்டுக் கையை எடுத்த பிறகு படம் ஒரு மயிரிழை கீழே இறங்குகிறதா? இறங்கினால் அந்தத் தலை அந்தக் கேமராவுக்குப் போதாது. கோபுரம், கட்டடம் எடுப்பவர்களுக்கு மூன்று கைப்பிடி உள்ள 'த்ரீ வே ஹெட்' இன்னும் நல்லது. ஒவ்வொரு அச்சையும் தனியாகத் திருத்தலாம். ஒன்றைச் சரி செய்யப் போய் மற்றது கெடாது. வேகம் மட்டும் குறைவு. கனத்த லென்ஸோடு பறவைகளைத் துரத்துபவர்களுக்குக் 'கிம்பல் ஹெட்' இருக்கிறது. அதை இங்கே விரித்துப் பேச வேண்டியதில்லை.

வீடியோவுக்குப் பந்துத் தலை ஆகாது. பலர் புகைப்படத்துக்கு வாங்கியதையே வைத்துச் சமாளிக்கிறார்கள். பந்தைத் தளர்த்தினால் கேமரா பக்கவாட்டிலும் சாய்ந்துவிடும். திரும்ப வேண்டும், மேலும் கீழும் போக வேண்டும், ஆனால் சாயக் கூடாது. அதற்குத்தான் 'ஃப்ளூயிட் ஹெட்'. உள்ளே தட்டுகளுக்கு நடுவில் கெட்டியான திரவம் இருக்கும். அது அசைவுக்குச் சீரான எதிர்ப்பைக் கொடுக்கும். கை நடுங்கினாலும் அந்த நடுக்கம் படத்துக்குப் போகாது.

இந்தத் தலை வந்த கதை பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குப் பிடிக்கும். நம் வட்டாரமே ரயில்வே தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்த வட்டாரம்தானே. அமெரிக்காவில் சாட்வெல் ஓ'கானர் என்ற பொறியியலாளருக்கு நீராவி ரயிலைப் படம் எடுப்பதில் பைத்தியம். ஓடும் ரயிலோடு கேமராவைச் சீராகத் திருப்ப முடியவில்லை என்று அவரே ஒரு திரவத் தலையைச் செய்து கொண்டார். ரயில் பிரியரான வால்ட் டிஸ்னி அதைப் பார்த்துத் தமக்கும் வேண்டும் என்று கேட்டார். டிஸ்னி நிறுவனத்தின் இயற்கைப் படங்களுக்கு அது பயன்பட்டது. பிறகு ஆஸ்கார் குழுவின் தொழில்நுட்ப விருதும் அவருக்குக் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் எரிக் மில்லர் என்பவரும் 1940களிலேயே இதே வழியில் போயிருந்தார்.

சரி, எதை வாங்குவது? கடைக்குப் போனால் பெட்டியில் 'தாங்கும் எடை' என்று ஓர் எண் போட்டிருக்கும். 8 கிலோ என்றால் 4 கிலோவைவிடச் சிறந்தது என்று நினைத்து வாங்கி விடுகிறார்கள். புகைப்படத் தலையில் அந்த எண்ணம் ஓரளவு சரி. கேமராவின் எடையைப் போல இரண்டு மடங்கு தாங்கும் தலை இருந்தால் நிம்மதி. ஆனால் வீடியோ தலையில் அதிகம் என்பது நல்லது என்று அர்த்தமில்லை.

நல்ல வீடியோ தலைக்குள் ஒரு சுருள்வில் இருக்கும். கேமராவை முன்னால் சாய்த்தால் அதன் எடை கீழே இழுக்கும். சுருள்வில் அதே அளவு மேலே தள்ளும். இரண்டும் சமமாக இருந்தால், கைப்பிடியை விட்டாலும் கேமரா விட்ட இடத்திலேயே நிற்கும். சோனி ஏ7 த்ரீ கேமரா 650 கிராம். அதோடு வரும் சிறிய 28-70 லென்ஸ் 295 கிராம். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோகூட இல்லை. இதை 4 கிலோவுக்கென்றே செய்த மாற்ற முடியாத சுருள்வில்லின் மேல் வைத்தால், கீழே சாய்த்த கேமரா ஊஞ்சல் போல மேலே வந்துவிடும். மாறாக, இன்றும் பலரிடம் இருக்கும் கேனன் 5டி மார்க் ஃபோர் 890 கிராம். 70-200 எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 1490 கிராம். சேர்த்து 2 கிலோ 380 கிராம். மைக், சிறிய திரை, விளக்கு மாட்டினால் 3 கிலோவைத் தொடும். இதை 2 கிலோ தலையில் வைத்தால் மூக்குக் குப்புற விழும்.

ஆகவே கடைக்குப் போகும்போது தன் கேமராவைக் கையோடு கொண்டு போக வேண்டும். நிகழ்ச்சியில் மாட்டுகிற அத்தனையையும் மாட்டி, 30 டிகிரி சாய்த்து, மெதுவாகக் கையை விட்டுப் பார்க்க வேண்டும். விழுந்தால் போதாது, எழுந்தால் அதிகம், நின்றால் சரி. சுருள்வில்லைப் படிப்படியாக மாற்றும் வசதி இருந்தால் பிற்காலத்தில் கேமரா மாறினாலும் தலை பயன்படும். அடுத்து லென்ஸை முழுதாக நீட்டி, கடையின் ஒரு மூலையில் இருந்து மறுமூலைக்கு மிக மெதுவாகத் திருப்ப வேண்டும். தொடங்கும் இடத்திலும் நிற்கும் இடத்திலும் துள்ளல் இருக்கிறதா என்று திரையில் தெரியும். 'ஃப்ளூயிட்' என்று பெயர் எழுதியிருந்தாலும் உள்ளே வெறும் கிரீஸ் தடவியிருக்கும் மலிவுத் தலைகள் இந்தச் சோதனையில் மாட்டிக் கொள்ளும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மேடை நிகழ்ச்சி எடுப்பவருக்கு இன்னொன்று. தலை சமமாக இல்லாவிட்டால், இடக்கோடியில் நேராக இருந்த மேடை வலக்கோடியில் சரிந்துவிடும். கிண்ணம் போன்ற 75 மில்லிமீட்டர் அடிப்பகுதி உள்ள தலையை, கீழே ஒரு பிடியைத் தளர்த்தி நொடியில் சமப்படுத்தலாம். தட்டையான அடி உள்ள தலைக்கு மூன்று கால்களையும் ஏற்றி இறக்க வேண்டும். தட்டை அடித் தலையைக் காலோடு இணைப்பது பெரும்பாலும் 3/8 அங்குலத் திருகு; கேமராவின் அடியில் இருப்பது 1/4 அங்குலம்.

பத்துமலையில் 140 அடி முருகன் சிலையை அடிவாரத்தில் இருந்து முகம் வரை எடுக்க விரும்புபவர், தலை எவ்வளவு மேல்நோக்கிச் சாயும் என்றும் பார்த்துக் கொள்வது நல்லது. சிலவற்றில் கைப்பிடி காலில் இடித்து நின்றுவிடும். அதே தலையைத் தைப்பூசத்தன்று 272 படி தூக்கிக் கொண்டு ஏறவும் வேண்டும். அப்போது ஒவ்வொரு நூறு கிராமும் பேசும்.

கேமரா விழுவது பெரும்பாலும் தட்டினால்தான். அடியில் திருகும் அந்தச் சிறிய தட்டு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆர்க்கா ஸ்விஸ் வகை ஏறக்குறைய 38 மில்லிமீட்டர் அகலம். மான்ஃப்ரோட்டோவின் 501 வகை வேறு. ஒன்றின் தட்டு மற்றொன்றில் அரைகுறையாக உட்கார்ந்து, பிடித்துக் கொண்டது போல ஏமாற்றும். பூட்டிய பிறகு கேமராவைச் சற்றுத் தூக்கிப் பார்க்காமல் கையை எடுக்கவே கூடாது. கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யாருடைய பாட்டியோ. கனமான லென்ஸில் வளையக்கால் இருந்தால் தட்டை அதில்தான் திருக வேண்டும், கேமராவில் அல்ல. தட்டின் திருகை இறுக்க, சட்டைப்பையில் ஒரு 20 சென் காசு போதும்.

புதிய தலைக்கு வெள்ளி போதாதவர்கள் பழையதை வாங்கலாம், தவறில்லை. எதிர்ப்பை முழுதும் குறைத்தும் முழுதும் ஏற்றியும் திருப்பிப் பார்க்க வேண்டும். மூட்டுகளில் எண்ணெய் கசிந்த கறை இருந்தால் விட்டுவிடலாம். தட்டு இல்லாமல் விற்கிறார்கள் என்றால், அந்தத் தட்டு இன்னும் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுத் தெரிந்து கொண்ட பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.