கிராமச் சாலையில் மரியாதை

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு அற்பமாகத் தோன்றக்கூடும். கல்வி நிதி, விவாகச் செலவு, தொழில் அபிவிருத்தி முதலிய பெரிய காரியங்கள் காத்திருக்க, சைக்கிளில் போகிறவரும் மோட்டாரில் போகிறவரும் வழியில் எங்ஙனம் நடந்துகொள்வது என்பதைப் பற்றி ஒரு பிரசங்கம் வேண்டுமா என்று கேட்பாரும் உளர். அவர்கட்கு ஒரு கணக்கை மாத்திரம் முதலில் தெரிவிப்போம். 2022 ஆம் ஆண்டில் இந்திய தேசத்துச் சாலைகளில் விபத்தினால் மாண்டவர் தொகை 1,68,491 என்று மத்திய அரசாங்கத்தாரே வெளியிட்டிருக்கின்றனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தது நகரங்களில் அன்று, நாட்டுப்புறச் சாலைகளிலேயே. ஆதலின் இதனை அற்ப விஷயம் என்று தள்ளுவதற்கில்லை. விவாகத்துக்குப் பணம் சேர்க்கும் குடும்பம், விவாகத்துக்குரிய பிள்ளையையே இழந்து நிற்குமாயின் அந்தப் பணத்தால் யாது பயன்?

நம் சங்கத்தாருக்கு இவ்விஷயத்தில் தனிப்பட்ட பொறுப்பும் உண்டு. நம் முன்னோருள் பலர் மூட்டையைத் தலையில் சுமந்தும், பின்னர் சைக்கிள் கேரியரில் கட்டியும் ஊர் ஊராய்ச் சென்று ஜீவனம் நடத்தினார்கள். இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் கார் வைத்திருக்கின்றனர். சிலர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் சொந்தக்காரராய் விளங்குகின்றனர். இது நாம் யாவரும் மகிழத்தக்க அபிவிருத்தியே. ஆயினும், ஒரே குடும்பத்தில் தகப்பனார் வயலுக்குச் சைக்கிளில் போகிறார். மகன் அதே வழியில் காரில் வருகிறான். இவ்விருவருக்கும் இடையே வழியில் இருக்கவேண்டிய மரியாதை யாது என்பதே நம் கேள்வி.

முதலில் சாலையின் அளவை நோக்குவோம். நம் கிராமங்களை இணைக்கும் ஒற்றைத் தார் ரோட்டின் அகலம் சாதாரணமாக 3.75 மீட்டர், சிற்சில இடங்களில் 3 மீட்டரே. பஸ்ஸின் அகலம் ஏறத்தாழ 2.5 மீட்டர். மீதி நிற்பது 1.25 மீட்டர். சைக்கிளின் ஹாண்டில்பார் மாத்திரமே சுமார் 60 சென்டிமீட்டர் இடம் கொள்ளும். ஆகவே, சைக்கிள்காரர் தாரின் விளிம்பை ஒட்டியே சென்றாலும், பஸ்ஸுக்கும் அவர் கைக்கும் இடையே எஞ்சுவது இரண்டடியே. ஸ்பெயின், பிரான்சு ஆகிய தேசங்களில் ஊருக்கு வெளியேயுள்ள சாலைகளில் சைக்கிளைக் கடக்கும் மோட்டார் 1.5 மீட்டர், அதாவது சுமார் ஐந்து அடி, விலகிச் செல்லவேண்டும் என்று சட்டமே விதித்திருக்கிறது. இங்கிலாந்திலும் 2022 ஆம் ஆண்டு ஜனவரியில் திருத்தப்பட்ட சாலை ஒழுக்க நூல் இவ்வளவையே கூறுகிறது. வேகம் மிகுந்தால் இன்னும் அதிக இடம் விடும்படியும் சொல்லுகிறது.

ஐந்தடி வேண்டிய இடத்தில் நம்மிடம் இருப்பது இரண்டடி. அப்படியாயின் இருவரில் ஒருவர் தாரை விட்டு இறங்கியே தீரவேண்டும். யார் இறங்குவது? இன்றுள்ள வழக்கம் யாவரும் அறிந்ததே. பின்னாலிருந்து ஹாரன் ஓயாது முழங்கும். சைக்கிள்காரர் திடுக்கிட்டு மண்ணில் இறங்குவார். மோட்டார் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போகும். இவ்வழக்கம் நியாயமா என்று சற்று ஆராய்வோம்.

தாரின் ஓரத்து மண், மழையால் அரிக்கப்பட்டுப் பல இடங்களில் மூன்று நான்கு அங்குலம் தாழ்ந்து கிடக்கிறது. நான்கு சக்கரமும் ஆறு சக்கரமும் உள்ள வண்டி அப்பள்ளத்தில் ஒரு பக்கம் இறங்கினால் ஒரு குலுக்கல், அவ்வளவே. இரண்டு சக்கரம் உள்ள வண்டி இறங்கினால் நிலை தடுமாறும். மீண்டும் ஏறப் பார்க்கையில் முன்சக்கரம் விளிம்பில் உராய்ந்து, ஆளை வலப்புறம், அதாவது மோட்டாரின் பக்கமே, தள்ளிவிடும். போதாக்குறைக்குச் சீமைக் கருவேல முள் ஓரமெல்லாம் நீண்டு கண்ணைக் குத்தும். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல்லும் உளுந்தும் காயும். பாற்கேன், புல்லுக்கட்டு, தண்ணீர்க் குடம், முன்பாரில் குழந்தை என்று சுமையோடு வருகிறவர்க்கோ சைக்கிளை நேராகச் செலுத்துவதே பெரும்பாடு. ஆகையால் இறங்கத்தக்கவர் யார் என்பதை அறிவு தெளிவாகச் சொல்லுகிறது. எவருக்கு இறங்குவது எளிதோ அவரே இறங்கவேண்டும். மோட்டார் ஓட்டுகிறவர் வேகத்தைத் தணித்து, எதிரே வழி சுத்தமாயிருக்கிறதென்று கண்டு, தம் வலப்புறச் சக்கரங்களை மண்ணில் இறக்கிக் கடக்கவேண்டும். அதற்கும் இடமில்லையேல் பொறுத்திருந்து கடக்கவேண்டும்.

பொறுத்திருந்தால் நேரம் போகிறதே என்பர். அந்த நேரத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிளின் பின்னே 100 மீட்டர் தூரம் காத்துச் சென்றால் 24 விநாடி ஆகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் அத்தூரத்தைக் கடக்க 7 விநாடி. நஷ்டம் 17 விநாடி! டீக்கடையில் ஒரு கிளாஸ் ஆறுவதற்கும் அதைவிட நேரமாகும். இந்தப் பதினேழு விநாடிக்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பதை நம் வியாபாரக் கணக்கு எதுவும் ஒப்புக்கொள்ளாது.

வேகத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. கண் கண்டதைக் கால் அறிந்து பிரேக்கை மிதிக்குமுன்பே ஒரு விநாடி கழிந்துபோம். பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ, வேகம் இரட்டித்தால் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. கண்மாய்க் கரை வளைவிலும், கரும்புத் தோட்டத்து மறைவிலும் முன்னே சைக்கிள் போகிறதா இல்லையா என்று தெரியாதிருக்கையில் வேகமாய்ச் செல்லுகிறவர், கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவருக்கு ஒப்பாவர்.

ஹாரன் என்பது எச்சரிப்பதற்கு ஏற்பட்ட கருவி; மிரட்டுவதற்கு அன்று. தூரத்திலேயே ஒருமுறை மெதுவாக ஒலித்தால், முன்னே செல்பவர் பதறாமல் தம்மைச் சரிசெய்துகொள்வார். முதுகுக்குப் பின்னால் வந்து அலறினால், பதறித் திரும்புகையில் சைக்கிளும் உடன் திரும்பும். பல ஸ்வரங்களில் அலறும் ஹாரனையும், காதைத் துளைக்கும் கடூர ஹாரனையும் 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தடுத்திருக்கின்றன. ஆயினும் நம் ஊர்ச் சாலைகளில் அவை கேளாத நாளில்லை. அவற்றைக் கழற்றிவிடும்படி வண்டிச் சொந்தக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இரவில் எதிரே சைக்கிள் வந்தால் முகப்பு விளக்கைத் தாழ்த்துவது மோட்டார்காரரின் கடமை. எதிரே லாரி வந்தால் தாழ்த்துகிறார். சைக்கிள் வந்தால் தாழ்த்துவதில்லை. லாரிக்கு அஞ்சுகிறோம், சைக்கிளுக்கு அஞ்சவேண்டியதில்லை என்பதன்றி இதற்கு வேறு காரணம் உண்டோ? அச்சத்தால் செய்வது மரியாதை ஆகாது. தமக்குத் தீங்கு செய்ய இயலாதவரிடத்தும் காட்டுவதே மரியாதை. அவ்வாறே, முன்னே செல்லும் வண்டியைக் கடக்கும்போது எதிரே வருவது சைக்கிள்தானே என்று அதனை ஓரம் கட்டுவதும், மழைநாளில் தேங்கிய சேற்றுநீரைப் பள்ளிக்கூடம் செல்லும் குழந்தைகளின் வெள்ளைச் சட்டையில் இறைப்பதும், சைக்கிளைக் கடந்த மாத்திரத்தில் அதன் குறுக்கே இடப்புறம் மடக்கி நிறுத்துவதும், பின்னால் பாராமல் கார்க் கதவைத் திறப்பதும் ஒழிக்கத்தக்க வழக்கங்களேயாம்.

இவ்வளவும் மோட்டார்காரரையே நோக்கிச் சொன்னோம். பலம் மிகுந்தவருக்குப் பொறுப்பும் மிகுதி என்பதே காரணம். ஆயினும் சைக்கிள்காரருக்கும் கடமைகள் உண்டு. மூவர் நால்வர் வரிசையாய்ப் பேசிக்கொண்டு ரோட்டை அடைத்துச் செல்லுதல் தகாது. பின்னே வண்டியொலி கேட்டால் ஒருவர்பின் ஒருவராதல் வேண்டும். நடந்து செல்பவர் எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்புறம் நடக்கலாம். சைக்கிளோ எப்பொழுதும் இடப்புறமே செல்லவேண்டும். வலப்புறம் திரும்புமுன் பின்னால் நோக்கிக் கையை நீட்டிக் காட்டவேண்டும். பள்ளத்தைக் கண்ட க்ஷணத்தில் வெட்டித் திருப்பாமல் முன்னதாகவே மெல்ல விலகவேண்டும். காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு செல்லும் வாலிபர், தம்மைக் காக்கும் காவலாளியாகிய செவியைத் தாமே அடைத்துக்கொள்கின்றனர்.

எல்லாவற்றிலும் முக்கியமானது விளக்கு. விளக்கில்லாமல் இரவில் சைக்கிளில் செல்வோரைப் போலீசார் பிடித்து நிறுத்திய காலம் நம் பெரியோர்க்கு நினைவிருக்கும். அந்தக் கண்டிப்பு இன்று பெரும்பாலும் மறைந்துபோயிற்று; இருட்டு மறையவில்லை. முன்னே ஒரு வெள்ளை விளக்கும், பின் மட்கார்டில் ஒளியைத் திருப்பிக் காட்டும் சிவப்பு வில்லையும் இருந்தால், மோட்டார்காரர் தூரத்திலேயே கண்டுகொள்வார். அந்த வில்லையின் விலை மிகச் சொற்பம்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதையும் சுருக்கமாய்க் கூறுவோம். சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. அதனால் அதற்கு உரிமை குறைந்ததென்று எண்ணுதல் தவறு. 2017 ஆம் ஆண்டின் மோட்டார் ஓட்டும் ஒழுங்குவிதிகள், பாதசாரிகள், சைக்கிள் ஓட்டுவோர், குழந்தைகள், முதியோர் முதலியவரிடத்து விசேஷ கவனம் செலுத்தும்படி சாரதிகளுக்கு விதித்திருக்கின்றன. விபத்து நேர்ந்தால் காயமுற்றவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்வது சாரதியின் கடமையென்று 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 134 ஆம் பிரிவில் கூறுகிறது. நல்லெண்ணத்தோடு உதவி செய்யும் அயலாரை வழக்குத் தொல்லையினின்றும் காக்க 2019 ஆம் ஆண்டில் தனிப் பிரிவும் சேர்க்கப்பட்டது. ஆகையால் விழுந்து கிடப்பவரைக் கண்டும் ‘நமக்கேன் வம்பு’ என்று கடந்து செல்வதற்கு இனி ஒரு சாக்கும் இல்லை. 108 என்ற எண்ணைச் சுழற்றவேனும் செய்யலாம்.

மகா ஜனங்களே! சாலை என்பது வெறும் தாரும் ஜல்லியும் அன்று. அது பொதுவுடைமை. இந்நாட்டில் வழி யாவருக்கும் பொது என்பதே போராடிப் பெற்ற உரிமையாகும். வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக மாத்திரமே 1924, 1925 ஆம் ஆண்டுகளில் சத்தியாக்கிரகம் நடத்தவேண்டியிருந்தது. நம் தமிழ்நாட்டிலும் சில தெருக்களை நெருங்கியதும் இன்ன ஜாதியார் சைக்கிளை விட்டிறங்கி உருட்டிச் செல்லவேண்டும் என்ற கொடிய வழக்கம் பல ஊர்களில் இருந்தது. ஜாதியின் பேரால் கூடியிருக்கும் ஒரு சங்கத்தில் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஜாதியைக் காட்டிச் சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னது அநீதியாயின், காரைக் காட்டித் தாரை விட்டு இறங்கச் சொல்வதும் அநீதியே. முன்னையதன் சாயலே பின்னையது. நம் சமூகத்துக் கார் ஒன்று ஏழைக் கூலியாளை முள்ளில் தள்ளிச் செல்லுமாயின், அதன் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சமூகப் பெயர் நமக்குக் கௌரவமாகுமா? அவமானமே ஆகும்.

சைக்கிள் ஏழைக்கு அளித்த விடுதலையையும் மறத்தலாகாது. 1990 களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில், அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினர். பிறர் தயவையும் பஸ் வரும் நேரத்தையும் எதிர்பாராமல் அவர்கள் தாமே கடைக்கும் வேலைக்கும் சென்றனர். பின்னர் அரசாங்கத்தார் மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியர்க்கு விலையில்லாமல் சைக்கிள் வழங்கும் ஏற்பாடும் வந்தது. அந்தச் சைக்கிளில் போகும் பெண் குழந்தைக்கு வழியில் அச்சம் உண்டாகுமாயின், தாயார் அவளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்குவார். சாலையில் நாம் காட்டும் மரியாதை இவ்வாறு கல்விக்கும் துணையாகிறது.

திருவாரூரில் தேர்க்காலில் கன்று ஒன்று அகப்பட்டு மாண்டதற்காகத் தன் மகனையே தண்டிக்கத் துணிந்தான் மனுநீதிச் சோழன் என்று பெரியபுராணம் கூறுகிறது. கன்று குறுக்கே ஓடிவந்தது, தேரின்மேல் பிழையில்லை என்று அவ்வரசன் வாதிக்கவில்லை. தேரில் இருப்பவனுக்கே பொறுப்பு என்றான். இக்கதையைக் குழந்தைகட்குச் சொல்லி வளர்க்கும் நாம், அதன் கருத்தைக் காரின் சாவியோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

முடிவாக, சங்கத்தார் உடனே செய்யத்தக்க காரியங்கள் நான்கினைச் சொல்லி அமைகின்றோம். முதலாவது, வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் சாரதிகளுக்குச் சைக்கிளுக்கு ஐந்தடி விட்டுக் கடக்கும்படி உத்தரவிட்டு, தாமதமானால் கடிந்துகொள்ளாதிருக்கவேண்டும். எஜமானரின் அவசரமே சாரதியின் வேகம். இரண்டாவது, நம் சமூக விவாக ஊர்வலங்களில் வண்டிகள் வரிசையாய்ச் சாலையை அடைத்துச் செல்வதை நிறுத்தவேண்டும். மூன்றாவது, சங்க நிதியிலிருந்து நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சைக்கிள்கள் அனைத்துக்கும், ஜாதி பேதமின்றி, சிவப்பு வில்லை வாங்கிப் பொருத்தவேண்டும். நான்காவது, மழைக்காலத்துக்கு முன்னே வாலிபர்கள் ஒருநாள் கூடி, பஞ்சாயத்தாரின் அனுமதியோடு சாலையோரத்து முள்ளை வெட்டி, தாரின் ஓரத்துப் பள்ளங்களில் மண் நிரப்பவேண்டும்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மனம் ஒன்றே வேண்டும். அடுத்த கூட்டத்துக்குள் மூன்றாவது காரியமேனும் நிறைவேறியிருக்க வேண்டுமென்று காரியக் கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கின்றோம்.