நின்றுபோன தறியின் சத்தம்



முதலில் ஒரு காட்சியைச் சொல்கிறேன். திரை கறுப்பாக இருக்கிறது. யாரோ மூச்சு வாங்கும் சத்தம். பைப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தலையை மூடிய குளிர்ச்சட்டை போட்ட ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஒழுங்கையில் நடக்கிறான். அவன் கையில் கத்தி பளிச்சிடுகிறது. ஒரு பெண்பிள்ளை ஓடுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், விழுகிறாள். ஓர் அலறல். சிவப்பு எழுத்தில் படத்தின் பெயர்.

மாணவர்கள் எடுக்கும் திரில்லர் படங்களின் தொடக்கம் என்று எனக்குக் காட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை இதுதான். எடுத்த பிள்ளைகள் வேறு வேறு, பாடசாலைகள் வேறு வேறு. அந்தக் குளிர்ச்சட்டை மட்டும் மாறவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள நம் மருதமுனையில் கச்சான் காற்று அனலாய் அடிக்கிற மாதத்தில், உம்மாமார் கதவைச் சாத்திவிட்டுப் பாயை விரித்துப் படுக்கிற வெயிலில், அந்தச் சட்டைக்குள் வியர்த்து நனைந்து நடித்திருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பை நான் குறைத்துப் பேச வரவில்லை. அந்த உழைப்பு போக வேண்டிய இடம் எது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

திரைப்படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துக் காட்டு என்பது பழகிப்போன ஒரு பயிற்சி. கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் நாடுகளில் ஊடகக் கற்கை படிக்கும் பிள்ளைகளுக்கு இது செய்முறை வேலையாகவே கொடுக்கப்படுகிறது. எழுத்தோட்டத்தோடு சேர்த்து இரண்டு நிமிடம், அதற்கு மேல் கூடாது. எடுத்து முடித்த பிறகு, அந்த வகைப் படங்களின் மரபை எங்கே கைக்கொண்டாய், எங்கே மீறினாய் என்று விளக்கமும் எழுத வேண்டும். நம் நாட்டிலும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஊடகக் கற்கை ஒரு பாடமாக இருக்கிறது. ஆளுக்கொரு கைபேசியும் இருக்கிறது. ஆகவே இது நம் பிள்ளைகளுக்கும் கைக்கெட்டும் கலைதான்.

சரி, மரபு என்றால் என்ன? பிள்ளைகளிடம் கேட்டால் பட்டியல் ஒன்று தருவார்கள். இருட்டு, மழை, கத்தி, கண்ணாடி, காலடி ஓசை, முகம் தெரியாத ஆள். பட்டியலில் பிழை இல்லை. ஆனால் இவையெல்லாம் பொருள்கள். அந்தப் பொருளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர் குறைவு. முகத்தை ஏன் மூடுகிறார்கள்? பார்ப்பவருக்கு ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை மறைப்பதற்காக. ஆள் இருக்கிறான் என்பது தெரிய வேண்டும், யார் என்பது தெரியக் கூடாது. அந்த வேலையைக் குளிர்ச்சட்டை செய்யலாம். கொடியில் காயும் சாறனும் செய்யலாம். கிடுகு வேலிக்கு அடியால் தெரிகிற இரண்டு பாதங்களும் செய்யலாம்.

நேயர்களே, இந்த விஷயம் தமிழுக்குப் புதிதில்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது, அந்த நிலத்துக்குரிய மரம், பறவை, தொழில் எல்லாவற்றையும் கருப்பொருள் என்றது, அவற்றினூடே வருகிற உணர்வை உரிப்பொருள் என்றது. இன்ன நிலம், இன்ன பொழுது என்று புலவன் தொட்டுக்காட்டிவிட்டால் போதும், கேட்பவன் மனம் எந்த உணர்வுக்கு ஆயத்தமாக வேண்டுமோ அதற்கு ஆயத்தமாகிவிடும். திரைப்பட வகைகளின் மரபும் இப்படித்தான் இயங்குகிறது. இன்னும் ஒன்று. வழிப்பறிக் கள்வரும் ஆளில்லாத பாதையும் வருகிற பாலை நிலத்துக்கு நம் முன்னோர் வைத்த பொழுது நள்ளிரவு இல்லை, நண்பகல். அச்சம் உச்சி வெயிலில் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ளுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் வீட்டுக்குள் போன பிறகு நம் ஒழுங்கைகளில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஒரு நாய்கூட எழும்பாது. அந்த வெறிச்சோடிய வெள்ளை வெளிச்சத்தை எந்த மாணவனும் திரில்லருக்கு எடுத்து நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி சில படங்களைப் பார்ப்போம். ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த ‘எம்’ என்ற படம். சிறுபிள்ளைகளைக் கொல்லும் ஒருவனைப் பற்றிய கதை. தொடக்கத்தில் முற்றத்தில் பிள்ளைகள் வட்டமாக நின்று பாட்டுப் பாடி விளையாடுகிறார்கள். ஒரு தாய் பாடசாலை விட்டு வரப்போகும் மகளுக்காக மேசையில் தட்டு வைக்கிறாள், மணிக்கூட்டைப் பார்க்கிறாள். தெருவில் அந்தச் சிறுமி பந்தை அடித்து விளையாடிக்கொண்டு வருகிறாள். கொலைகாரனைப் பற்றிய அறிவித்தல் ஒட்டியிருக்கும் தூணில் பந்து பட்டுத் திரும்புகிறது. அந்த அறிவித்தலின் மேல் ஒரு மனிதனின் நிழல் விழுகிறது. அவன் அவளுக்கு பலூன் வாங்கிக் கொடுக்கிறான், சீட்டியடிக்கிறான். பிறகு தாய் மகளைக் கூப்பிடும் குரல் மட்டும் கேட்கிறது. காட்டப்படுவது வெறும் படிக்கட்டு, துணி காயும் வெறும் மேல்மாடி, மேசையில் தொடப்படாத தட்டு. பற்றைக்குள்ளிருந்து பந்து உருண்டு வந்து நிற்கிறது. கம்பியில் பலூன் சிக்கித் தவிக்கிறது.

கத்தி இல்லை, இரத்தம் இல்லை, அலறலும் இல்லை. தட்டு, பந்து, பலூன். இந்த மூன்றையும் மருதமுனையில் எந்தப் பெட்டிக்கடையிலும் வாங்கலாம். கிட்டத்தட்ட நூறு வருடமாகியும் அந்தப் பலூனைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அடுத்தது நம் மொழியில். 1954இல் வந்த ‘அந்த நாள்’. வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, ஜாவர் சீதாராமன் எழுதியது, ஏ.வி.எம். தயாரிப்பு. பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப்படம். படம் தொடங்கியவுடன் துப்பாக்கி வெடிக்கிறது, ஒருவன் சுடப்பட்டுச் சாகிறான். செத்தவன் யார்? சிவாஜி கணேசன். இரண்டு வருடத்துக்கு முன்னர்தான் ‘பராசக்தி’ வந்து நாடே அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் கடைசிவரை உயிரோடிருப்பான் என்ற பெரிய மரபைப் பாலசந்தர் முதல் காட்சியிலேயே உடைத்தார். ஆனால் கொலை, துப்பறிவாளர், ஆளாளுக்குச் சொல்லும் வாக்குமூலம் என்று மற்ற மரபுகளை எல்லாம் பத்திரமாக வைத்துக்கொண்டார். ஹிட்ச்காக் ‘சைக்கோ’வில் கதாநாயகியைப் பாதிப் படத்தில் கொன்றது 1960இல். நம்மவர் ஆறு வருடம் முந்திவிட்டார். ஒன்றை உடைக்க வேண்டுமானால் மற்றவற்றில் காலூன்றி நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தமிழில் இல்லை என்பது என் தீர்ப்பு.

மூன்றாவது, ஓர்சன் வெல்ஸ் 1958இல் எடுத்த ‘டச் ஆஃப் ஈவில்’. ஒரு கை வெடிகுண்டில் நேரத்தை வைக்கிறது. குண்டு ஒரு காரின் பின்பெட்டிக்குள் போகிறது. ஒன்றுமறியாத இருவர் அந்தக் காரில் ஏறிப் புறப்படுகிறார்கள். மூன்று நிமிடத்துக்கு மேலாக ஒரே ஓட்டத்தில் கமரா அந்தத் தெருவில் போகிறது. தெருவில் நடப்பது எல்லாம் சாதாரணம்தான். ஆனால் நமக்குக் குண்டைப் பற்றித் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இந்தத் தெரிதலும் தெரியாமையும்தான் திரில்லரின் முதுகெலும்பு. திடீரென்று வெடித்தால் நாம் ஒரு விநாடி திடுக்கிடுவோம். வெடிக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் வெடிக்கும்வரை தவிப்போம்.

இதைக் கண்முன்னே காட்டிய ஒரு அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு மாணவன் தன் தொடக்கத்தை என்னிடம் கொண்டுவந்தான். வழக்கமான குளிர்ச்சட்டை, வழக்கமான கத்தி. நடுவில் இரண்டு விநாடி மட்டும் ஒரு தறி வந்துபோனது. “இது யாருடைய தறி, மகன்?” என்றேன். “மூத்தம்மாட தறி, சேர். சும்மா எடுத்தது” என்றான். அந்தச் சும்மா எடுத்ததை வைத்துத் தொடங்கிப் பார் என்று அனுப்பிவைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து வந்தான். திரை கறுப்பு. தறியின் சத்தம் மட்டும் கேட்கிறது. கைத்தறிக்குப் பேர்போன ஊரில் பிறந்த எவருக்கும் அந்தத் தாளம் தெரியும். நாடா இந்தப் பக்கம் ஓடுகிறது, அந்தப் பக்கம் ஓடுகிறது, அடி விழுகிறது. அந்தத் தாளத்துக்கு எழுத்தோட்டம் வருகிறது. பிறகு மூத்தம்மாவின் கைகள். நூல் அறுகிறது. அவர் தறியை நிறுத்தி, இழையை நாவில் ஈரமாக்கி முடிகிறார். அந்த அமைதியில் பக்கத்து வளவிலிருந்து இன்னொரு தறியின் சத்தம் கேட்கிறது. அதுவும் சட்டென்று நிற்கிறது. மூத்தம்மா காத்திருக்கிறார். அது திரும்பத் தொடங்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பதில் இல்லை. கடைசியில், பக்கத்து வளவின் வாசற்கடப்பை ஒரு கை உள்ளிருந்து சாத்துகிறது. படத்தின் பெயர்.

எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஆனால் ஒன்று குறைந்தது. அந்தக் கையைக் கடைசியிலிருந்து எடுத்து முதலில் போடச் சொன்னேன். எழுத்தோட்டம் தொடங்குவதற்கு முன்னரே, பகல் வெளிச்சத்தில், ஒரு கை கடப்பை உள்ளிருந்து சாத்துகிறது. பிறகு தறிச் சத்தம். அவ்வளவுதான் மாற்றம். புதிதாக ஒரு காட்சியும் எடுக்கவில்லை. மறுபடி ஓட்டிப் பார்த்தபோது முதல் தாளத்திலிருந்தே எங்களுக்கு வயிறு இறுகியது. மூத்தம்மா நிம்மதியாக நெய்துகொண்டிருக்கிறார், நாங்கள் பக்கத்து வளவை நினைத்துக்கொண்டிருக்கிறோம். நூல் அறுந்தபோது அந்த மாணவனே கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். தான் எடுத்த படத்துக்குத் தானே பயந்தான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு சொல். ‘மூடுபனி’ என்று 1980இல் ஒரு திரில்லர் எடுத்த பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். நம் கரையிலிருந்து போன பிள்ளை. கிடைக்கிற இயற்கை வெளிச்சத்தையே நம்பிப் படமெடுத்த மனிதர். நம்மிடம் மலைப்பனி இல்லை. நமக்கு இருப்பது கிழக்குக் கடல். சுபஹ் தொழுகைக்குப் பிறகு, சூரியன் கடலிலிருந்து எழும்புவதற்கு முந்திய அந்தக் கொஞ்ச நேரத்தில், கடலைப் பார்த்தபடி கமராவை வைத்தால் தோணியும் ஆளும் கறுத்த உருவங்களாகத் தெரியும். முகம் தெரியாது. குளிர்ச்சட்டை இல்லாமலே முகம் மறைந்துவிட்டது, பாருங்கள். நள்ளிரவில் கைபேசியால் எடுத்தால் படம் புள்ளி புள்ளியாய் உதிரும். கடற்கரையில் ஒலியை மட்டும் நம்பாதீர்கள், காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும். இன்னொரு கைபேசியை வீட்டுக்குள் வைத்துத் தனியாகப் பதிந்து சேருங்கள்.

இனிச் சொல்லப்போவது எனக்கு மனதில் பாரமாக இருப்பது. மரபு என்ற பெயரில் சில அழுக்குகளும் கூடவே வருகின்றன. தமிழ்நாட்டிலிருந்து வரும் திரில்லர்களில் குண்டு வைப்பவன் யார், தாடி வைத்திருப்பவன் யார், பின்னணியில் எந்த மொழியின் ஓதல் கேட்கிறது என்று கவனித்துப் பாருங்கள். ‘துப்பாக்கி’ 2012இலும் ‘விஸ்வரூபம்’ 2013இலும் வந்தபோது முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதே இலக்கணத்தை நம் ஊர்ப் பிள்ளை யோசியாமல் எடுத்துக்கொண்டால், தன் வாப்பாவின் முகத்தையே வில்லனுக்கு ஒட்டிவிடுகிறான். நான் அதையும் பார்த்திருக்கிறேன். வில்லனுக்கு ஒட்டுத் தாடி வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். “அப்பதான் சேர், வில்லன் மாதிரி இருக்கும்” என்றார்கள். அந்தப் பதில் பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

ஓடி விழுகிற பெண்பிள்ளையும் அப்படித்தான். அவள் ஏன் எப்போதும் ஓட வேண்டும்? சந்தேகப்பட்டு, கதவைத் தாழிட்டு, டோர்ச்சை எடுத்துத் தேடிப் போகிறவளாக அவள் இருக்கட்டுமே. கமராவைப் பிடிக்கிறவளாகவும் இருக்கட்டும்.

இன்னொன்று, கடல். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது இந்த ஊரில் என்ன நடந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரையோரம் இருந்த வீடுகளில் யாரையாவது இழக்காத குடும்பம் அரிது. போரிலே காணாமல்போனவர்களுக்காக இன்றும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாரும் இந்தக் கரை நெடுக, எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். பொங்கிவரும் அலையையும் ஆட்களைக் கடத்திப்போன வெள்ளை வேனையும் இரண்டு விநாடித் திடுக்கிடலுக்காகப் பயன்படுத்த வேண்டாம் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றைத் தொடுவதானால் முழுக்கதையும் சொல்லும் துணிவோடு தொடுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை கைபேசியோடு விடியக்காலையில் கடற்கரைக்குப் போகிறேன் என்றால் ஏசாமல் கூடப் போய் வாருங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்குக் காதால் பயப்படத் தெரியும். இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை நாடகத்தில் கதவு திறக்கும் ஒலிக்கு நாங்கள் உம்மாவின் மடிக்குள் ஒதுங்கியிருக்கிறோம். நீங்கள் எடுத்த இரண்டு நிமிடத்தையும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒலியை மட்டும் உங்கள் மூத்தம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒன்றும் விளக்கம் சொல்லாதீர்கள். எந்த இடத்தில் அவர் கைவேலையை நிறுத்தித் தலையை நிமிர்த்துகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் படம் அந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.