சேரித் தோட்டமும் சர்க்கார் கணக்கும்

(தலித் மாணவர், இளைஞர் தொண்டர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். நான் கணக்குப் பேச வந்திருக்கிறேன். பகலெல்லாம் வங்கியில் பேரேடு எழுதுகிறவன் நான், ராத்திரியில் கவிதை. பட்ஜெட் என்றாலே நம்ம பசங்க எழுந்து டீ குடிக்கப் போயிடுறாங்க. இன்னிக்கு ஒரு அரை மணி நேரம் உட்காருங்க. நம்மைப் பட்டினி போடுகிற வேலையில் பாதி இப்போது அந்தக் காகிதத்தில்தான் நடக்கிறது.

விஷயம், சேரிப் பெண்களின் கூட்டுத் தோட்டம். எங்கள் பக்கத்தில் ஒரு சேரியில் பதினாலு பெண்கள் சேர்ந்து ஒரு துண்டு நிலத்தில் காய்கறி போடுகிறார்கள். கத்திரி, வெண்டை, கொத்தவரை, வேலியோரம் அவரை, நாலு முருங்கை, பாத்தி பாத்தியாகக் கீரை. கருவேலம் மண்டிக் கிடந்த இடம். அவர்களே வெட்டி, வேர் தோண்டி, எரித்துச் சுத்தம் பண்ணினார்கள். அதற்குச் சர்க்கார் தர வேண்டியது என்ன? ஒரு போர், ஒரு மின் இணைப்பு, கொஞ்சம் கம்பி வேலி, விதை. அவ்வளவுதான். உழைப்பை அவர்கள் யாரிடமும் கேட்கவில்லை.

‘இதென்ன பெரிய புரட்சியா, கத்திரிக்காய் போடுறது தொண்டு நிறுவனத்துக்காரன் வேலையாச்சே’ என்று நம்மில் சில தோழர்கள் கேட்கிறார்கள். அந்தப் பதினாலு பேரில் ஒரு கிழவி சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “முன்னெல்லாம் கூலி கம்மினு ரெண்டு நாள் வேலைக்குப் போவலன்னா மூணாம் நாள் அடுப்பு எரியாது தம்பி. இப்ப பத்து நாள் தாங்குவோம்.” கூலிப் போராட்டத்தை முறிக்க ஊர்க்காரன் கையில் எப்போதும் இருந்த ஆயுதம் நம்முடைய பசி. 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, அங்கே கேட்டது கொஞ்சம் கூடுதல் நெல். கொல்லையில் பத்து நாள் சோறு இருக்கிறவன் கூலி பேசுகிற குரலே வேறு. ஒரு ஏக்கர் வெண்டைக்காயைப் பார்த்து ஊருக்கு ஏன் கண் எரிகிறது என்பதற்கு இதுதான் காரணம். ராத்திரியில் மாடு மேய விடுகிறார்கள். மாடு தானா வந்துச்சாம்.

இனி கணக்குக்கு வருவோம். பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறு திட்டம் 1979இல் வந்தது. 2006க்குப் பிறகு அதற்குத் துணைத் திட்டம் என்று பேர். அடிப்படை எளிது: திட்டச் செலவில் நம் மக்கள் தொகைக்கு ஏற்ற பங்கு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு 20 பேர். இந்தப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது, செலவழியாமல் காலாவதியாகவும் விடக் கூடாது என்று திட்டக் கமிஷனே வழிகாட்டுதல் எழுதி வைத்தது. எழுதினவர்கள் போய்விட்டார்கள். திட்டக் கமிஷன் 2014இல் கலைக்கப்பட்டது. திட்டச் செலவு, திட்டமில்லாச் செலவு என்ற பிரிவே 2017இல் எடுக்கப்பட்டது. எதில் 20 பங்கு என்று கேட்பதற்கான அளவுகோலையே எடுத்துவிட்டுப் பங்கு மட்டும் இருக்கிறது என்கிறார்கள்.

வெட்டு எப்படி நடக்கிறது? ‘தோட்டத் திட்டத்தை நிறுத்துகிறோம்’ என்று எந்த மந்திரியும் சட்டசபையில் எழுந்து சொல்ல மாட்டார். பட்ஜெட் மதிப்பீட்டில் ஒரு தொகை இருக்கும். கைதட்டல் அதற்கு. வருஷக் கடைசியில் திருத்திய மதிப்பீட்டில் அது குறையும். அதைப் பத்திரிகையில் யாரும் போடுவதில்லை. அதற்கும் கீழே இறங்கிவிடும் நிஜமான செலவு. ‘பயனாளிகள் முன்வரவில்லை’ என்று ஒரு குறிப்பு எழுதி மார்ச் 31க்குள் மிச்சத்தைத் திருப்பி ஒப்படைத்துவிடுவார்கள். மார்ச் மாதத்து ராத்திரிகளில் வங்கியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த மாதத்தின் அவசரம் தெரியும். வேறு ஆபீஸ் பில்லெல்லாம் பறந்து வரும். சேரியின் போர்வெல் மனு மட்டும் ‘பட்டா நகல் இணைக்கவும்’ என்று மூன்றாவது தடவையாகத் திரும்பிப் போயிருக்கும்.

பட்டா எங்கே இருக்கு? அதைத்தான் பிடுங்கிக்கொண்டார்களே! செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதற்கடுத்த வருஷம் அரசு உத்தரவு வந்தது. அப்படிக் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலம் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் நம்மவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருக்கிறது, நிலம் வேறு ஆள் கையில் இருக்கிறது. அதை மீட்கப் போய்த்தான் காரணையில் 1994 அக்டோபர் 10இல் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பட்டா இல்லையென்றால் கடன் இல்லை, மின் இணைப்பு இல்லை. விளைந்ததை உழவர் சந்தையில் விற்க அடையாள அட்டை கேட்டால் அதற்கும் நிலத்தின் ஆவணம் வேண்டும். அப்புறம் ‘முன்வரவில்லை’.

இன்னொரு வித்தையும் உண்டு. எல்லோருக்கும் போடுகிற ரோடு, எல்லோருக்கும் தருகிற மானியம், இதில் நூற்றுக்கு இத்தனை ஆதிதிராவிடருக்கு என்று எழுதி நம் கணக்கில் கூட்டிவிடுவது. தில்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்கு நம் பங்கிலிருந்து அறுநூறு கோடிக்கு மேல் போயிற்று. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுத்தான் அது வெளியே வந்தது. பாராளுமன்றத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பத்து ரூபாய் மனு செய்த காரியம் அது.

வெளியிலும் பாருங்கள். நியூயார்க்கில் 1970களில் வீடுகள் எரிந்து குப்பைமேடாகக் கிடந்த மனைகளில் கறுப்பர்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் தோட்டம் போட்டார்கள். நகராட்சி அவற்றுக்குக் குத்தகை கொடுத்தது. இடத்துக்கு விலை ஏறியதும் மேயர் ஜூலியானி 114 தோட்டங்களை 1999 மே மாதம் ஏலம் விடக் கிளம்பினார். அதற்கு முந்தைய வருஷமே ஏலக்கூடத்துக்குள் ஆயிரக்கணக்கில் சில்வண்டுகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள் அந்த மக்களின் தோழர்கள். சூரியகாந்தி வேஷம் போட்டுக்கொண்டு மரத்தில் ஏறி உட்கார்ந்தார் ஒருவர். கோர்ட்டுக்கும் போனார்கள். கடைசியில் ஏலத்துக்கு முந்தின நாள் இரண்டு அமைப்புகள் 42 லட்சம் டாலர் கொடுத்து அந்த 114ஐயும் வாங்கின. சில்வண்டு எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. ஆனால் முடிவை முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். அரசாங்கம் தர வேண்டியதை யாரோ பணக்காரர் வாங்கிக் கொடுத்தார். நம்ம சேரிக்கு அப்படி வாங்கித் தர எவனும் வர மாட்டான். வரவும் வேண்டாம். அது நம்ம பங்கு.

அம்பேத்கர் 1947இல் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில் விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும், நிலத்தைக் கூட்டுப் பண்ணையாக உழ வேண்டும், கருவியும் விதையும் அரசு தர வேண்டும் என்றார். சாதி பார்க்காமல் நிலம் தர வேண்டும் என்றார். அவர் மறைந்த நாளான டிசம்பர் 6இல், 1964ஆம் வருஷம், தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் நிலமற்றோர் சத்தியாகிரகம் தொடங்கியது. மக்கள் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். பெண்கள் கைக்குழந்தையோடு போனார்கள். ஆகவே தோட்டம் கேட்பது அரசியலா என்று இனி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் துணைத் திட்ட நிதிக்கென்று 2024இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. நல்லது. ஆந்திரத்தில் 2013இலேயே வந்துவிட்டது. சட்டம் வந்ததால் நாம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தால் மார்ச் 31 நமக்காகக் காத்திருக்காது.

வேலை இதுதான். ஒரு தொண்டருக்கு ஒரு சேரி. அங்கே கூட்டுத் தோட்டம் இருந்தால் அதற்கு என்ன வந்தது, என்ன வரவில்லை என்று பெண்களிடம் உட்கார்ந்து எழுதுங்கள். அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள், நீங்கள் திருத்தாதீர்கள். தோட்டம் இல்லாத ஊரில் தாலுகா ஆபீசில் ‘அ’ பதிவேட்டின் நகல் கேளுங்கள். டி.சி. நிலம் எது, இன்று யார் அனுபவத்தில் என்று பாருங்கள். தனியாகப் போகாதீர்கள், இருவராகப் போங்கள். தகவல் உரிமை மனுவில் மூன்றே கேள்வி: உங்கள் மாவட்டத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, திருப்பி ஒப்படைத்தது எவ்வளவு. ஜனவரி 26 கிராம சபையில் தோட்டத்துக்குப் போரும் மின் இணைப்பும் கேட்டுத் தீர்மானம் போட வையுங்கள். எழுத மறுத்தால் மறுத்ததையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பட்ஜெட் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். அதற்குள் எத்தனை ஊர்க் கணக்கு கைக்கு வருகிறதோ அத்தனையையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருவோம். காய்கறிக் கூடையோடு பெண்கள் முன்னால் உட்காரட்டும்.

கணக்குப் பார்க்கத் தெரியாது என்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள், சொல்லித் தருகிறேன். பேர் கொடுக்கிற நோட்டு வாசலில் இருக்கிறது. ஊர்ப் பெயரையும் தாலுகாவையும் சேர்த்து எழுதுங்கள்.